பாசிதானே, திருக்கைதானே என்று சொல்லாதீர்கள்

போன டிசம்பரிலும் கொடைக்கானலில் ஒரு வண்டியிலிருந்து நான்கு சாக்கு மூட்டை இறங்கியது. கிறிஸ்துமஸ் குடிலுக்காகச் சோலை மரங்களில் உரித்த பாசி. கேட்டால் ஒவ்வொரு வருஷமும் அதே பதில்தான்: “பாசிதானே சார், ஒரு மழை பெய்தா திரும்ப வந்துடும்.”

வராது. தண்ணீர்த் தொட்டியில் வழுக்குவதையும் பாசி என்கிறோம், சோலை மரத்தில் மெத்தை மாதிரிப் படர்வதையும் பாசி என்கிறோம், குழப்பம் அங்கேதான். தொட்டியில் இருப்பது ஆல்கா, தேய்த்துக் கழுவினாலும் சில நாளில் வந்துவிடும். மரத்தில் இருப்பது தண்டும் இலையும் உள்ள செடி. வேர் கிடையாது, மழையையும் பனிமூட்டத்தையும் இலையாலேயே குடிக்கிறது. ஒரே இழுப்பில் நீங்கள் உரிக்கும் அந்த மெத்தை பல வருஷ வளர்ச்சி. பல இனங்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, இரண்டும் ஈரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வித்துத்தூள் (ஸ்போர்) உண்டாகும். பாதியை உரித்த மரத்தில் மிச்சம் பச்சையாகத்தான் தெரியும், ஆனால் துணை போயிருக்கலாம்.

இங்கே வருவதற்கு முன் தூத்துக்குடியில் மீன் இறங்கும் இடத்தில் கணக்கெடுத்தபோதும் இதே பேச்சுதான். “மீன்தானே, லட்சம் முட்டை போடும்.” மத்தி ஆயிரக்கணக்கில் போடும், சரி. ஏழு மீட்டர் அகலம்வரை வளரும் ஆனைத் திருக்கை (மான்டா ரே) சுமார் ஒரு வருஷம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி ஈனும். செவுள் தட்டுக்காகப் பிடித்துப் பிடித்து, 2020-ல் அது, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாகிவிட்டது. திருக்கைக்காவது முகம் இருக்கிறது, படம் போட்டால் பத்துப் பேர் பகிர்வார்கள்.

திபெத் மலையுச்சியில் டக்காக்கியா என்று ஒரு பாசி, சுமார் 39 கோடி வருஷ வம்சம், மிச்சம் இரண்டே இனம். வெப்பம் ஏற ஏற அதன் பரப்பு சுருங்குகிறது என்று 2023-ல் ஆய்வு வந்தது, எத்தனை பேர் படித்தீர்கள்? அதை யாரும் சாக்கில் கட்டவில்லை, சூடே போதுமாக இருக்கிறது. எங்கள் மலையில் சாக்கும் சேர்ந்து வருகிறது.

குடிலுக்கு வைக்கோல் போடுங்கள். ஆர்க்கிட் தொட்டிக்குத் தேங்காய் நார் போதும், நர்சரியில் பாசி சுற்றித் தந்தால் வாங்காதீர்கள். காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம், சொன்னால் கோபப்படுகிறார்கள், படட்டும். அப்புறம், கடலுக்குப் போகிற தம்பிகளே, ஆனைத் திருக்கை உயிரோடு சிக்கினால் தயவுசெய்து வலையை அறுத்தாவது விட்டுவிடுங்கள், செவுளில் கைவிட்டு மட்டும் தூக்காதீர்கள்.