நிறுவுதிறனும் உற்பத்தித்திறனும் ஒன்றா?

மின்கார் நிறுவனமான டெஸ்லாவின் காலாண்டு அறிக்கை வரும்போதெல்லாம் நம் செய்திகளில் 'இன்ஸ்டால்டு கெபாசிட்டி' உற்பத்தித்திறன் ஆகிவிடுகிறது. இது தவறு.

கெபாசிட்டியின் லத்தீன் வேருக்குக் 'கொள்' என்று பொருள். நிறுவிய இயந்திரங்கள் முழுவீச்சில் ஓடினால் ஆண்டுக்கு எவ்வளவு செய்யலாம் என்பதே இந்தச் சொல் குறிக்கும் அளவு. தமிழில் நிறுவுதிறன். மின்துறையில் என்றோ வேரூன்றிய சொல்தான். காற்றாலையின் நிறுவுதிறனை அன்றைய மின்உற்பத்தி என்று அங்கே யாரும் எழுதுவதில்லை.

உற்பத்தித்திறனுக்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு செய்கிறார் என்ற கணக்கு அது. இலங்கையில் அதற்கென்றே தேசிய உற்பத்தித்திறன் செயலகம் உண்டு. அந்தச் சொல்லைப் பிடுங்கி இங்கே ஒட்டினால் குழப்பம் இரட்டிப்பு. 'உற்பத்தி' என்று கண்ணில் பட்டதும் கார்கள் ஆலையை விட்டு வந்துவிட்டதாகவே வாசகர் நினைப்பார். டெஸ்லாவே தன் அறிக்கையில், ஆலைவாரியாக நிறுவுதிறனைச் சொல்லும் அட்டவணைக்கு அடியில், நிறுவுதிறன் நடப்பு உற்பத்தி வேகத்துக்குச் சமமல்ல என்று பொடி எழுத்தில் போடுகிறது. 2024-இல் அட்டவணையைக் கூட்டினால் 23 லட்சத்துக்கு மேல். செய்த கார்கள் சுமார் 17.7 லட்சம். நிறுவனம் ஒத்துக்கொள்ளும் இடைவெளியை நாம் ஏன் மூடிக்கொடுக்க வேண்டும்?

'உற்பத்திக் கொள்ளளவு' என்பாரும் உண்டு. வேர்ப்பொருள் பொருந்துகிறது, ஆனால் ஆலை எதையும் தேக்கி வைப்பதில்லை. மேட்டூர் அணைக்குக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, நீர் இருப்பு தனிக்கணக்கு. நாளிதழ்கள் இதில் ஒருநாளும் தடுமாறுவதில்லை. கார் என்றதும்தான் கை நடுங்குகிறது.

இலக்கு, வேகம், திறன், உற்பத்தி என நான்கும் தனித்தனி. 2017 ஜூலையில் ஈலான் மஸ்க், டிசம்பரில் மாதம் 20,000 மாடல் 3 கார்கள் என்றார். அந்தக் கடைசிக் காலாண்டு முழுவதும் செய்தது 2,425. வாரம் 5,000 என்ற இலக்கு 2017 முடிவிலிருந்து 2018 மார்ச்சுக்கும், பிறகு ஜூனுக்கும் நகர்ந்தது. ஜூன் கடைசி வாரத்தில், ஃப்ரீமான்ட் ஆலைக்கு வெளியே கூடாரம் போட்டு இன்னொரு உற்பத்தி வரிசையும் ஓட்டி, 5,031 எட்டினார்கள். அது ஒரு வாரத்து வேகம். அதை 52-ஆல் பெருக்கி ஆண்டு உற்பத்தி என்று எழுதினால் அது செய்தியல்ல, விளம்பரம்.

மொழிபெயர்ப்பாளர்களின் 'தயாரிக்க உள்ளது' இன்னும் மோசம். 2030-க்குள் ஆண்டுக்கு 2 கோடி கார் என்ற ஆசையையும் இப்படித்தான் எழுதினார்கள். 2024 மே மாதம் வெளியான டெஸ்லாவின் தாக்க அறிக்கையில் (இம்பாக்ட் ரிப்போர்ட்) அந்த 2 கோடியைக் காணோம்.