நெடுநாள் நின்ற லொறியின் கிளச்: கால் வைக்கும் முன் கீழே குனிந்து பாருங்கள்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதற்குப் பின்னும், 2022இல் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்திலும், மலையகத்தில் எத்தனையோ பழைய லொறிகள் லயங்களின் பின்புறத்திலும் தேயிலைத் தொழிற்சாலைகளின் ஓரத்திலும் ஓடாமல் நின்றுவிட்டன. கொழுந்து ஏற்றிய லொறிகளும் மரக்கறி ஏற்றிய லொறிகளும் அவற்றுள் உண்டு. இப்போது அவற்றை மீண்டும் ஓட்ட விரும்புபவர்கள் எங்கள் கராஜுக்கு வரும்போது முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ஜின் ஸ்டார்ட் ஆகுது, ஆனா கிளச் பிடிச்சிருச்சு, கியர் விழவே மாட்டேங்குது."

அதற்கு அவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கும் வைத்தியம்தான் எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது. லொறியைப் பள்ளத்தில் உருள விட்டு, மூன்றாம் கியரைத் திணித்து, "குலுங்கினால் விட்டுவிடும்" என்று நம்புகிறார்கள். இரண்டு ஆண்டுகள் நின்ற லொறியில் கிளச் ஒயில் கெட்டிருந்தால், அதே வகை ஒயிலில் இயங்கும் பிரேக்கும் கெட்டிருக்கும். சில சிறிய லொறிகளில் இரண்டுக்கும் ஒரே ஒயில் டப்பாதான். கினிகத்தேனை இறக்கத்திலோ றம்பொடை வளைவிலோ கியரும் இறங்காமல் பிரேக்கும் பிடிக்காமல் போனால், சாரதிக்கு மிச்சமிருப்பது மலைச்சுவர் மட்டுமே.

ஆகவே எதையும் தட்டுவதற்கும் இழுப்பதற்கும் முன்னர், கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. லொறியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, என்ஜினை நிறுத்திய பிறகு, ஒருவர் கிளச்சை மெதுவாக மிதிக்க, மற்றவர் டோர்ச் லைட்டுடன் கீழே படுத்து, கியர்பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கீழ்ப் பம்பின் தள்ளுகம்பியைப் பார்க்க வேண்டும். கை அந்தக் கம்பிக்கும், அது தள்ளிக் கிளச்சை விடுவிக்கும் கவட்டுக்கும் இடையில் போகக் கூடாது. கம்பி அரை அங்குலமளவு நன்றாக நகர்ந்து கவட்டைத் தள்ளுகிறது, ஆனாலும் என்ஜின் ஓடும்போது கியர் விழவில்லை என்றால், ஒயில் பகுதி தன் வேலையைச் செய்கிறது. பெரும்பாலும் கிளச் தட்டுத்தான், என்ஜினோடு சுழலும் பிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. கம்பி நகரவே இல்லை என்றால், குற்றம் பெடலோடு சேர்ந்த மேல் பம்பு, அங்கிருந்து ஒயில் இறங்கும் குழாய், கீழ்ப் பம்பு ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கிறது. இந்த ஒரு பார்வையைச் செய்யாமல் கியர்பெட்டியை இறக்கி, வீணாகக் கூலி கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய லொறிகளில் கிளச்சுக்குக் காற்றழுத்த உதவி இருக்கும் என்பதால், காற்றுத் தாங்கி நிரம்பாமல் மிதித்தால் பெடல் கல்லாகத்தான் இருக்கும். அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், மாதக்கணக்கில் மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நுவரெலியா போன்ற இடத்தில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிரேக்கில் அந்த நீர் ஆவியானால், பெடல் ஒன்றுமில்லாமல் கீழே போகும். கிளச் பகுதியில் அதே நீர் வேறு விதமாக வேலை செய்கிறது. பம்பின் உட்சுவரை அரித்துத் துருவையும் சேற்றையும் உண்டாக்கி, பிஸ்டனை இருந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. டப்பாவைத் திறந்ததும் ஒயில் கடுஞ்சாயத் தேநீர் போல இருந்தால், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை ஊகிக்கலாம்.

மிதித்த பெடல் மேலே வராமல் நின்றுவிட்டால், கீழ்ப் பம்பின் காற்று எடுக்கும் சிறு திருகான நிப்பிளைச் சிறிது திறந்து பாருங்கள். ஒயில் பீறிட்டு, கவடும் பெடலும் தளர்ந்தால், ஒயில் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். பின்னர் நிப்பிளை மூடி, மீண்டும் மிதித்து, இறப்பர்க் குழாயின் மேல் முனை இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் கவடு விடாமல், கீழ் முனையைத் தளர்த்தும்போது மட்டும் விட்டால் குழாயே குற்றவாளி. வெளியில் புதிது போலத் தெரியும் குழாயின் உட்புறம் வீங்கி, ஊசி நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். மிதிக்கும் அழுத்தம் போகும், திரும்பி வராது. மேல் முனையைத் தளர்த்தும்போதே கவடு விட்டால், மேல் பம்பில் ஒயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டிருக்கலாம், அல்லது தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளி இல்லாதிருக்கலாம். நிப்பிள் துருவேறியிருந்தால் அறுமுக ரிங் ஸ்பானரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சுற்றிலும் மெல்லத் தட்டி, துரு இளக்கும் ஒயில் விட்டு, ஓரிரவு காத்திருங்கள். பிரேக் ஒயில் தீப்பற்றக்கூடியது. காஸ் நெருப்பை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

பம்பைக் கழற்றியதும் உட்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் ஓரிடத்தில் குழியில் சிக்கினால், எவ்வளவு தேய்த்து மினுக்கினாலும் அந்தப் பம்பு கசியும். புதிய இறப்பர் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல் ஆகிய எதிலும் இந்த இறப்பர்களைக் கழுவக் கூடாது. ஒருவர் ஒயில் குறைந்திருக்கிறது என்று டப்பாவில் என்ஜின் ஒயிலை ஊற்றிக் கொண்டுவந்தார். வெளியே எடுத்த இறப்பர் வளையம் பிட்டைப் போல ஊதியிருந்தது, விரலால் அழுத்தினால் பிசுபிசுத்தது, பம்புக்குள் மீண்டும் நுழையவே இல்லை. அந்த ஒரு தப்பினால் கிளச் பகுதியின் இறப்பர்கள் அனைத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று.

தட்டு ஒட்டியிருந்தால் நான் நம்பும் வழி பொறுமை மட்டுமே. வெட்டவெளியில், நியூட்ரலில், என்ஜினை அரை மணி நேரம் ஓட விட்டுச் சூடேற்றி, நிறுத்தி, பெடலை முழுதும் மிதித்து, இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, விடியும் வரை விட வேண்டும். சூடான இரும்பு குளிர்ந்து சுருங்கும்போது துரு விட்டுப்போவது உண்டு. மறுநாளும் விடவில்லை என்றால், எஞ்சின் ஸ்டொப் கேபிளை இழுத்துவைத்து, சாவியை எடுத்துவிட்டு, பெடல் மிதிபட்டபடியே உயர் கியரில் போட்டு, சமதரையில் நான்கு பேர் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம். அதற்கும் இணங்காவிட்டால் கியர்பெட்டியை இறக்குவதே சரி. துரு இளக்கும் ஒயிலைக் கிளச் கூட்டுக்குள் அடிக்கவே அடிக்காதீர்கள். அது தட்டின் உராய்வுப் பரப்பை நனைத்துவிடும், பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது கிளச் வழுக்கும். பழைய தட்டுகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்ததால், கூட்டைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைப்பதே உயிருக்கு நல்லது.

சென்ற மழைக்காலத்தில் நானுஓயாப் பக்கமிருந்து வந்த ஒரு சிறிய லொறியின் கோளாறு, பார்த்தால் வெறும் கிளச் குழாய்தான். குழாயை மாற்றி, புது ஒயில் ஊற்றி, தெளிந்த துளிகள் வரும் வரை நிப்பிளில் காற்றெடுத்ததும் கியர் வெண்ணெய் போல விழுந்தது. உரிமையாளர் அன்று மாலையே கோவா ஏற்றப் போகிறேன் என்றார். சக்கரத்தைக் கழற்றிக் காட்டினேன்: பின் பிரேக் சிலிண்டர் இரண்டும் துருவில் இறுகியிருந்தன, முன் குழாய்கள் அதே போல வீங்கியிருந்தன. அவற்றையும் மாற்றி, எல்லாப் பைப்புகளிலும் புது ஒயில் ஓட விட மேலும் இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.