குழாய் நீரில் குளோரின்: கலப்பவர் ஒருவர், அளப்பவர் இன்னொருவர்

வடசென்னையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சில நாள்களில் மெட்ரோ வாட்டரில் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைக்கிறது, அந்த நீரைக் குடிக்கலாமா, கூடாதென்றால் எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது? முதல் பாதி வேதியியல், இரண்டாம் பாதி நிர்வாகம். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே எனக்கு இதில் பிடித்த விஷயம்.

நிர்வாகத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சிதான் நெடுங்காலம் நகரின் குடிநீருக்கும் பொறுப்பாக இருந்தது. புழல் ஏரியின் நீர் 1872-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்ததும், 1914-இல் அங்கே மணல் வடிகட்டிகள் அமைந்ததும் அந்தக் காலத்துக் கதைகள். 1978-இல் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று அழைப்பது, அமைந்த பிறகு நீரைச் சுத்திகரிப்பதும் குழாயில் விடுவதும் வாரியத்தின் வேலையாயின; நோய் பரவாமல் பார்ப்பது மாநகராட்சிப் பொதுச் சுகாதாரத் துறையிடமே தங்கியது. புகார் சொல்லப் போகிறவர்களை இந்தப் பிரிவினை அலைக்கழிக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் நீரை வழங்குபவரும் அந்த நீரால் வயிற்றுப்போக்கு வந்ததா என்று கணக்கெடுப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன். தான் எழுதிய தேர்வைத் தானே திருத்தும் மாணவனை யார் நம்புவார்கள்?

ஏரி நீரில் படிகாரம் சேர்த்துக் கலங்கலைப் படியவைப்பதும், மணலில் வடிகட்டுவதும் பள்ளியிலேயே படித்தவை. கடைசிப் படியாகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. நீரில் கரைந்த குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. உண்மையில் கிருமிகளைக் கொல்வது இந்த அமிலம். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. இந்த அமில மூலக்கூறுக்கோ மின்னேற்றமே இல்லை. ஆகவே தடுப்பார் இன்றி உள்ளே நுழைந்து, உயிரணுவின் நொதிகளைச் சிதைத்துவிடுகிறது. நீரின் காரத்தன்மை கூடினால் இதே அமிலம் ஹைப்போகுளோரைட் அயனியாகப் பிரிகிறது. அயனிக்கு எதிர்மின்னேற்றம் உண்டு என்பதால் பாக்டீரியா அதை வாசலிலேயே விலக்குகிறது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.5-இல் இரண்டும் ஏறத்தாழ சரிபாதி, 8.5-க்குப் போனால் வீரியமுள்ள அமிலம் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். அதே அளவு குளோரினை ஊற்றினாலும் நீரின் தன்மைக்கேற்ப பலன் மாறுவது இதனால்தான்.

சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் நீர் தூய்மையாக இருந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து நம் வீட்டுக்குப் பல கிலோமீட்டர் தூரம், பழைய குழாய்களும் புதிய குழாய்களும் மாறிமாறி இணைந்த வழியில் அது வர வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் நீர் ஓடும் குழாயில் அழுத்தம் எப்போதும் வெளிநோக்கி இருக்கும். விரிசல் இருந்தாலும் நீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலிருப்பது உள்ளே வராது. முறைவைத்து நீர் விடும் ஊரில் கதை வேறு. நீர் நின்ற நேரத்தில் குழாய் வெறுமையாகிறது. யாரோ ஒருவர் அடிபம்பை வேகமாக அடிக்கிறார், இன்னொருவர் கமுக்கமாக மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறார். உடனே அழுத்தம் உள்நோக்கித் திரும்பி, பக்கத்தில் ஓடும் கழிவுநீர்க் குழாயின் கசிவு குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. இதற்காகவே தேவைக்கு மேல் சிறிதளவு குளோரின் நீரோடு சேர்த்து அனுப்பப்படுகிறது. இதன் பெயர் எஞ்சிய குளோரின். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 தரநிலை, நுகர்வோரைச் சேரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் தனிநிலைக் குளோரின், அதாவது அம்மோனியா போன்றவற்றோடு சேராமல் தனித்து நிற்கும் குளோரின், எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது.

இப்போது அந்தக் கழிவுநீர் உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் சிறுநீர் வழி வந்த அம்மோனியா இருக்கும். அம்மோனியாவைக் கண்டதும் தனிநிலைக் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகிறது. முதலில் ஒற்றைக் குளோரமின். குளோரின் கூடக் கூட இரட்டை, மும்மைக் குளோரமின்கள். இங்கேதான் விந்தை தொடங்குகிறது. அம்மோனியா கலந்த நீரில் குளோரினைச் சிறிது சிறிதாகச் சேர்த்தபடி, மொத்தம் எவ்வளவு எஞ்சுகிறது என்று அளந்துகொண்டே வந்தால், அந்த அளவு முதலில் ஏறுகிறது. இன்னும் சேர்த்தால் ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது! ஊற்ற ஊற்றக் குறையும் பாத்திரத்தை வேறெங்கு காண முடியும்? கூடுதல் குளோரின் குளோரமின்களையே தாக்கி உடைக்கிறது. அவற்றிலிருந்த நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. மோதிய குளோரினும் செலவாகிவிடுகிறது. அம்மோனியாவாக இருக்கும் ஒரு மில்லிகிராம் நைட்ரஜனை இப்படித் தீர்க்க, கணக்குப்படி ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் குளோரின் வேண்டும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். இறக்கம் நின்று மீண்டும் ஏற்றம் தொடங்கும் இடத்துக்கு முறிவுப்புள்ளி என்று பெயர். அதற்குப் பின் சேர்க்கும் குளோரின் முழுவதும் தனிநிலையில் காவலுக்கு நிற்கும்.

வாசகரின் மூக்கைத் துளைத்த வாடைக்கும் இதில் விடை இருக்கிறது. இரட்டை, மும்மைக் குளோரமின்களின் நெடி தனிநிலைக் குளோரினின் நெடியைவிடக் காட்டமானது. எனவே காட்டமான வாடை வந்தால் குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. அம்மோனியாவைத் தீர்க்கும் அளவுக்குச் சேர்க்காமல், முறிவுப்புள்ளிக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள் என்றும் இருக்கலாம். இவற்றில் எது என்பதை மூக்கால் சொல்ல முடியாது. அதற்கு டிபிடி என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சிறு குப்பியில் நீரை எடுத்து முதல் மாத்திரையைப் போட்டால், தனிநிலைக் குளோரினுக்கேற்ப இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அடுத்த மாத்திரையையும் சேர்த்தால் குளோரமினும் கணக்கில் வந்து நிறம் அடர்த்தியாகும். இரண்டு நிறங்களுக்கும் உள்ள வேறுபாடே குளோரமினின் அளவு. முதல் மாத்திரைக்கு நிறமே வராமல் இரண்டாவதற்கு மட்டும் சிவந்தால், அம்மோனியா எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டியதுதான்.

இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாக்டீரியா இருக்கிறதா என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். கிண்டி கிங் நிலையத்துக்கு மாதிரி போய் முடிவு வருவதற்குள் தெருவே அந்த நீரைக் குடித்து முடித்திருக்கும். அதனால்தான் இரு துறைகளுக்கும் எஞ்சிய குளோரின் பொதுமொழியாக இருக்கிறது. ஒரு தெருவின் கடைசி வீட்டில் மட்டும் குளோரின் காணாமல் போனால், கசிவு அந்தத் தெருவில்தான் இருக்கிறது என்று வாரியம் பள்ளம் தோண்டத் தொடங்கலாம். அதே தெருவில் வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று சுகாதாரத் துறை வீடு வீடாக விசாரிக்கலாம். மேடைகளில் பேசப்படுபவை பெருந்திட்டங்களே. குப்பியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் ஊழியரின் வேலைக்கு எந்த வரவு செலவுத் திட்ட உரையிலும் ஒரு வரிகூட நான் கேட்டதில்லை.

இன்னொன்று, ஆர்ஓ கருவி மீது நம் வீடுகளில் வளர்ந்திருக்கும் பக்தி. கருவிக்குள் நீரை வடிக்கும் மெல்லிய சவ்வைக் குளோரின் கெடுக்கும் என்பதால், கருவியிலிருக்கும் கரி வடிகட்டி அதை முன்கூட்டியே அகற்றிவிடும். அதாவது கருவியை விட்டு வெளியேறும் நீருக்குக் காவல் இல்லை. கழுவாத குடத்தில் பிடித்து மூன்று நாள் வைத்தால் கிருமிகள் தடையின்றிப் பெருகும்.

வாசகருக்கு நேர்விடை: நீர் தெளிவாக இருந்து இலேசான குளோரின் வாடை மட்டும் வந்தால் குடிக்கலாம், கொதிக்கவைத்தால் அந்த வாடையும் பெரும்பாலும் போய்விடும். கலங்கலாகவோ சாக்கடை நாற்றத்தோடோ வந்தால் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். உங்கள் பகுதி மெட்ரோ வாட்டர் டெப்போவில் உடனே சொல்லுங்கள், வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணிலும் சொல்லுங்கள். சோதிக்க ஊழியர் வரும்போது மாடித் தொட்டியிலிருந்து வரும் சமையலறைக் குழாயைத் திறந்துவிடாமல், தெருவிலிருந்து நேராக வரும் குழாயைக் காட்டுங்கள். வெயிலிலும் அடிச்சேற்றிலும் தொட்டி நீரின் குளோரின் தானாகவே கரைந்துபோயிருக்கும். அங்கே அவர் அளப்பது வாரியம் அனுப்பிய நீரை அல்ல, நீங்கள் எப்போது தொட்டி கழுவினீர்கள் என்பதை.