விழத் தெரியாத வாயுவின் வெளிச்சம்

வேலூர் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பெரிய எக்ஸ்-ரே கவரைக் கையில் பிடித்தபடி யாராவது ஆட்டோ தேடிக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரி ஊர், அப்படித்தான். அந்தப் படம் எடுக்கும் குழாய்க்குள் நடப்பது எளிய சங்கதி: எலக்ட்ரான்களைப் பல்லாயிரம் வோல்ட்டில் விரட்டி டங்ஸ்டன் தகட்டில் மோதவிடுகிறார்கள், அவை சடாரென்று வேகம் இழக்கும்போது எக்ஸ்-ரே கிளம்புகிறது. சரி, கருந்துளைப் பக்கமிருந்தும் எக்ஸ்-ரே வருகிறதே, ஒளியே தப்ப முடியாத இடத்திலிருந்து அது மட்டும் எப்படித் தப்பியது?

தப்பவே இல்லை. உள்ளே போகிற வாயு, வாசலைத் தாண்டும் முன்பு விடுகிற வெளிச்சம்தான் அது.

சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளையை எடுத்துக்கொள்வோம். 1964இல் ஒரு ராக்கெட் சோதனையில் சிக்கியது. சுமார் 7,200 ஒளியாண்டு தூரம். சூரியனைப் போல 21 மடங்கு எடை, ஆனால் குறுக்களவு அதிகபட்சம் 125 கிலோமீட்டர்தான் இருக்கும், அதாவது வேலூரில் கிளம்பினால் சென்னை போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும். அருகிலேயே ஒரு பெரிய நீல விண்மீன்; இரண்டும் 5.6 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்த விண்மீன் ஊதித் தள்ளும் வாயுவில் ஒரு பங்கைக் கருந்துளை இழுத்துக்கொள்கிறது.

நேராக விழுந்தால் பெரிதாக வெளிச்சமே வராது. கிணற்றில் போட்ட கல் தண்ணீரைத் தொடும் வரை சூடாவதில்லையே. ஆனால் இந்த வாயுவுக்குப் பக்கவாட்டிலும் வேகம் இருப்பதால் நேராக விழத் தெரியாமல் தட்டுபோல் பரவிச் சுற்றுகிறது. திருவண்ணாமலை கிரிவலக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்வரிசை ஓட்டமும் நடையுமாகப் போக, வெளிவரிசை மெதுவாக நகர்ந்தால் தோளோடு தோள் உரசாமல் இருக்குமா? தட்டிலும் உள்ளே போகப் போக வேகம் கூடுகிறது, கடைசி வட்டத்தில் ஒளியின் வேகத்தில் பாதியைத் தொடுகிறது. அங்கே உரசலை உண்டாக்குவது பெரும்பாலும் காந்தப்புலம். அது உள்வரிசை வாயுவைப் பின்னால் இழுக்கிறது, வெளிவரிசையை முன்னால் தள்ளுகிறது, சுழற்சியை இழந்த வாயு இன்னும் கொஞ்சம் உள்ளே சரிகிறது, சரிந்த ஆழம் வெப்பமாக மாறுகிறது.

கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு வெளுக்கும். சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி, அதனால் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி. தட்டின் உள்விளிம்போ ஏறத்தாழ ஒரு கோடி டிகிரி வரை போகும். வெப்பம் எத்தனை மடங்கு ஏறுகிறதோ அத்தனை மடங்கு அலைநீளம் சுருங்கும் என்பதால் நேராக எக்ஸ்-ரேயில் போய் நிற்கிறது. சூரியனுக்குள் நடக்கும் ஹைட்ரஜன் அணுக்கரு இணைவில் நிறையின் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. இந்தச் சறுக்கலில் கருந்துளை சுழலாவிட்டாலே சுமார் 6 சதவீதம், வாயு சுற்றும் திசையிலேயே அது வேகமாகச் சுழன்றால் 40 சதவீதம் வரைகூட. எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத கணக்கு இது.

தட்டை ஒட்டி இன்னொரு சமாச்சாரமும் இருக்கிறது, கொரோனா என்ற கொதிக்கும் வாயு மேகம். அங்குள்ள எலக்ட்ரான்கள் நூறு கோடி டிகிரி சூட்டில், தட்டிலிருந்து வரும் ஒளித்துகள்களை உதைத்து ஆற்றலை ஏற்றிவிடுகின்றன. நெஞ்சுப் படம் எடுக்கும் எக்ஸ்-ரேயின் ஆற்றல்தான் இவற்றில் பலவற்றுக்கும்.

ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது, ஆனால் எக்ஸ்-ரே அங்கே எட்டாது, காற்று மண்டலமே விழுங்கிவிடுகிறது (நமக்கு நல்லதுதான்). அதனால்தான் 1970இல் உஹுரு, நம் பக்கம் 2015இல் ஆஸ்ட்ரோசாட், 2024 ஜனவரி 1இல் எக்ஸ்போசாட் என்று செயற்கைக்கோள்கள் மேலே போயின. தரையில் இருக்கும் தொலைநோக்கிகள் துணை விண்மீன் ஆடும் ஆட்டத்தைப் பார்த்துக் கருந்துளையை எடை போடும்.

தட்டின் அந்தக் கடைசி வட்டத்துக்கும் உள்ளே சுற்ற வழியே கிடையாது, வாயு தலைகுப்புற விழும். அங்கே வெளிச்சம் இருக்காது என்றுதான் பலகாலம் கணக்குப் போட்டார்கள். 2024இல் மேக்சி ஜே1820+070 என்ற கருந்துளையின் எக்ஸ்-ரே பதிவுகளை அலசியபோது தட்டு மட்டும் தரக்கூடியதைவிட வெளிச்சம் கூடுதலாக இருந்தது. விழுந்துகொண்டிருக்கும் வாயுவின் ஒளியையும் சேர்த்த பிறகுதான் கணக்கு ஒத்துப்போனது.