முகத்தில் குளிர்நீர் பட்டால் மனம் ஏன் அடங்குகிறது?

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் அவருடைய மகள் சில மாதங்களாக உளநலச் சிகிச்சை பெற்று வருகிறார். கோபமோ பதற்றமோ கட்டுக்கடங்காமல் பொங்கும் வேளையில், ஐஸ் கட்டி போட்ட தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்தி மூச்சை அடக்கும்படி உளவளத்துணையாளர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். “இதற்கு ஆஸ்பத்திரி எதற்கு, தண்ணீர் ஓதித் தெளித்தாலே போதுமே என்று அயலவர்கள் சிரிக்கிறார்கள், இது மெய்யாகவே வைத்தியந்தானா?” என்பது அவருடைய கேள்வி.

வைத்தியத்தின் ஒரு பகுதிதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்த இயங்கியல் நடத்தைச் சிகிச்சையில், உணர்ச்சிகளைக் கையாளும் திறன்கள் ஒரு பாடத்தைப் போலவே கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் இதுவும் ஒன்று.

உணர்ச்சி மேலோங்கும்போது ஆபத்தை உணரும் மூளைப்பகுதியான அமிக்டலா தூண்டப்படுவதும், உடலை ஆபத்துக்குத் தயாராக்கும் பரிவு நரம்புத் தொகுதி விழித்து அதிரனலின் சுரப்பதும், நெஞ்சு படபடப்பதும் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. அதனை நிதானப்படுத்த வேண்டிய மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரையில் முதிர்ந்துகொண்டே இருப்பதால், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அந்தக் கணத்தில் “நிதானமாக யோசி” என்று சொல்வது, அணைக்கட்டு முடியாத குளத்தில் மாரி வெள்ளத்தைத் தேக்கச் சொல்வதற்கு ஒப்பானது.

குளிர்நீரின் அழகு இங்கேதான் இருக்கிறது: அதன் பாதையில் யோசனைக்கு வேலையே இல்லை. முகத்தின் தொடுகையையும் குளிரையும் மூளைக்கு அறிவிக்கும் முக்கிளை நரம்பின் ஒரு கிளை நெற்றியிலும் கண்களைச் சுற்றியும் பரவியிருக்கிறது. அங்கே சடுதியாகக் குளிர் பட, கூடவே மூச்சும் நின்றிருக்க, ஆள் நீருக்குள் மூழ்கிவிட்டார் என்றே உடல் எடுத்துக்கொள்கிறது. செய்தி மூளைத்தண்டை அடைகிறது. அங்கிருந்து வேகசு நரம்பு வழியாக இதயத்துக்குக் கட்டளை இறங்குகிறது. அந்நரம்பின் முனையில் சுரக்கும் அசற்றைல்கோலின், துடிப்பைத் தொடக்கிவைக்கும் கணுவை மந்தப்படுத்துகிறது. கை கால்களின் குருதிக் கலன்கள் சுருங்கி, இருக்கின்ற ஒட்சிசன் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. மூழ்கல் தெறிவினை எனப்படும் இதனைச் சீல் எனும் கடல்விலங்குகளில் விரிவாக ஆராய்ந்து 1940 இல் வெளியிட்டவர் பெர் ஸ்கோலாண்டர். சீல்களில் மிகத் தீவிரமாக இருக்கும் இந்த இதயத்துடிப்பு வீழ்ச்சி மனிதரில் பொதுவாக 10 முதல் 25 சதவீதம் வரையில்தான். ஆயினும், படபடக்கும் நெஞ்சுக்கு அதுவே பெரிய ஆறுதல். எமது வாவியில் முக்குளிக்கும் பிள்ளைகளுக்கும் இத்தெறிவினை உண்டு. ஆனால் நீர் சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அது வலுப்பதால், வெயிலில் சூடேறிய வாவி நீர் போதாது; ஐஸ் கட்டியின் தேவை அதனால்தான்.

அயலவர்களின் பேச்சுக்கு வருவோம். வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மந்திரத்துக்குப் பெயர்போன ஊர் எங்களுடையது. ஓதிய தண்ணீர் முகத்தில் பட்டதும் பிள்ளை சற்றுத் தணிவதை நானும் கண்டிருக்கிறேன். அதில் நீருக்கும் சூழ நிற்போரின் பரிவுக்கும் பங்கு இருக்கலாம், மந்திரத்துக்கு இருப்பதாக நான் நம்பவில்லை. பேய் என்றும் செய்வினை என்றும் பெயர் சூட்டி, சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதே என்னை வருத்துகிறது. மேலும், ஓதுபவர் இல்லாத நள்ளிரவில் அப்பிள்ளை யாரைத் தேடும்? இந்தத் திறனோ பிள்ளையின் கையிலேயே இருக்கிறது.

குளிர்நீர் எதையும் குணப்படுத்துவதில்லை. சில நிமிட அவகாசத்தை மட்டுமே தருகிறது. அந்த அவகாசத்தில் உணர்ச்சியைப் பெயரிட்டு அறிவது, அதைத் தூண்டியது எதுவென்று பார்ப்பது, அடுத்து என்ன செய்வதென்று தெரிவது ஆகியவற்றைப் படிப்படியாகப் பழக வேண்டும். 2014 இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், தம்மைத் தாமே காயப்படுத்தி வந்த 77 வளரிளம் பருவத்தினரில் ஒரு பகுதியினருக்கு இயங்கியல் நடத்தைச் சிகிச்சை 19 வாரங்கள் அளிக்கப்பட்டது; மேம்படுத்தப்பட்ட வழமையான சிகிச்சை பெற்ற ஏனையோரைவிட அவர்களிடம் அந்நடத்தை கூடுதலாகக் குறைந்தது. பத்தொன்பது வாரங்கள் என்பதைக் கவனியுங்கள். 2004 சுனாமிக்குப் பின்னர் இக்கரையில் நான் பார்த்த பயிற்சிகளில் பல, பதாகையும் சிற்றுண்டியுமாக ஒரே நாளில் முடிந்தவை. அப்பணத்தைக் கொண்டு ஓர் உளவளத்துணை ஆசிரியர் அதே பிள்ளைகளை ஐந்து மாதங்கள் வாரந்தோறும் சந்தித்து, விளைவை அளந்து தமிழில் பதிவு செய்திருந்தால், இன்று நோர்வேயை மேற்கோள் காட்டும் தேவை எனக்கு இருந்திராது.

அந்தத் தாய்க்குச் சில குறிப்புகள். இதய நோயோ உணவை மறுக்கும் நோயோ உள்ளவர்களும், துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேளாமல் இதைச் செய்யலாகாது. மகள் அமைதியாக இருக்கும் ஒரு சனிக்கிழமையில் பழகட்டும்; முப்பது விநாடிகள் வரை போதும், மூச்சு முட்டினால் உடனே நிமிர்ந்துவிட வேண்டும். பாடசாலையில் பாத்திரத்துக்கு வழியில்லாவிட்டால், ஐஸ் கட்டி சுற்றிய ஈரக் கைக்குட்டையைக் கண்களின் மேலும் நெற்றியிலும் வைத்து, குனிந்து மூச்சை அடக்கினாலும் நரம்புக்குச் செய்தி போய்ச் சேரும்.