தமிழ்ப் பக்கம் காதில் விழ வேண்டுமானால்: சொந்த இணையதளம் அமைப்போருக்கு

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தாம் பல ஆண்டுகளாக எழுதிய கட்டுரைகளைத் தொகுத்துச் சொந்தமாக ஓர் இணையதளம் அமைத்திருந்தார். பார்வையற்றவரான அவருடைய பழைய மாணவரால் அதில் ஒரு வரியைக்கூடக் கேட்க முடியவில்லை என்பதால், குறை எங்கே என்று பார்த்துச் சொல்லுமாறு என்னிடம் கேட்டார். இணையதளங்களின் அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளாலும் அவற்றைப் பயன்படுத்த முடிகிறதா என்பதைச் சோதிப்பது என் தொழில். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பார்கள்; விலையின்றிக் கிடைக்கும் திரைவாசிப்பானான என்விடிஏ-வை இயக்கி முகப்பைத் திறந்தேன். கண்ணுக்கு நல்ல தமிழ் தெரிந்தது. காதில் விழுந்ததோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல்.

காரணம், அவர் பழகிய பாமினி எழுத்துரு. அந்த முறையில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கோப்பில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான்; அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, சேமிக்கப்பட்ட எழுத்தையே படிக்கிறது. கூகுள் தேடலிலும் அவருடைய கட்டுரைகள் அகப்படாமல் போனதற்கு இதுவே காரணம். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியீட்டெண் தரும் பொதுத் தரமான யூனிகோடில், 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மாலைப் பொழுதில் எல்லாக் கட்டுரைகளையும் மாற்றி முடித்தோம்.

ஆனாலும் வாசிப்பு சரியாகவில்லை. அவர் பயன்படுத்திய டெம்ப்ளேட் (ஆயத்தப் பக்க வடிவம்) ஆங்கிலத் தளங்களுக்காக உருவானது என்பதால், பக்கத்தின் அமைப்பை விவரிக்கும் ஹெச்டிஎம்எல் கோப்பின் தொடக்கத்திலேயே பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தது. திரைவாசிப்பானும் அதை நம்பி, ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்க முயன்றது. இரண்டே எழுத்தாலான அந்த மொழிக்குறியை 'டிஏ' என்று மாற்றியவுடன் தமிழ்க் குரல் வந்தது. பக்கத்தின் மொழியைக் குறிப்பது, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி-யின் அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளில் அடிப்படை நிலையான 'ஏ' நிலையிலேயே கேட்கப்படும் தேவை. இருந்தும், நான் சோதிக்கும் தமிழ்த் தளங்களில் அடிக்கடி தவறிப்போவது இதுவே என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

அடுத்தது கட்டமைப்பு. கட்டுரைத் தலைப்புகள் எல்லாம் பெரிய, தடித்த எழுத்தில் இருந்தனவே தவிர, தலைப்பு என்று குறியிடப்படவில்லை. பார்வையற்ற வாசகர் 'ஹெச்' விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவித்தான் தமக்கு வேண்டிய பகுதியைக் கண்டுபிடிக்கிறார். தலைப்புக் குறி இல்லாத பக்கம் அவருக்கு உள்ளடக்கப் பட்டியல் கிழிந்துபோன புத்தகத்தைப் போன்றது. 'மேலும் படிக்க' என்ற பொத்தானும் உண்மையான பொத்தான் அல்ல. வெறும் பெட்டிக்கு வண்ணம் பூசி, மவுஸால் சொடுக்கினால் மட்டும் இயங்கும்படி செய்திருந்தார்கள். டேப் விசை அதன்மேல் நிற்கவே இல்லை. தரநிலை வகுத்த பொத்தான் குறியையே பயன்படுத்தினால், விசைப்பலகையில் இயங்குவதும் 'பொத்தான்' என்று அறிவிக்கப்படுவதும் தனியாக ஒரு வரி நிரல் எழுதாமலே கிடைத்துவிடும்.

தோற்றத்தில் திருத்த வேண்டியவை குறைவு. வெள்ளைப் பின்னணிக்கும் அதில் இருந்த வெளிர்சாம்பல் எழுத்துக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு 2.85-க்கு 1 மட்டுமே. சாதாரண அளவு எழுத்துக்கு, அதே நெறிகளில் 'ஏ'-வுக்கு அடுத்த 'ஏஏ' நிலை கேட்பது குறைந்தது 4.5-க்கு 1. சாம்பலைக் கருமையாக்கினோம். 'கூ', 'மூ' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி அடுத்த வரியில் இடிக்காதபடி வரி இடைவெளியையும் கூட்டினோம். கைப்பேசியில் இரு விரலால் பெரிதாக்க முடியாதபடி டெம்ப்ளேட் போட்டிருந்த தடையையும் நீக்கினோம். முதியவர்கள் வந்து படிக்கும் தளத்தில் அத்தகைய தடை இருக்கவே கூடாது.

இன்னும் தீராதது படங்கள். பழைய இதழ்களில் வெளிவந்த கட்டுரைகளை அவர் ஒளிப்படமாகவே ஏற்றியிருக்கிறார். திரைவாசிப்பான் படிப்பதற்காகப் படத்துடன் சேர்க்கும் விளக்கமான மாற்று உரையை ஒரு வரி எழுதினால், அது எந்தக் கட்டுரை என்பது தெரியுமே தவிர, கட்டுரை கேட்காது. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து படத்தின் கீழே சேர்த்து வருகிறார். இதுவரை பன்னிரண்டு முடிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஏற்றியவுடன் அந்த மாணவர் கேட்டுப் பார்த்து, எங்கே தடுக்கிறது என்று தொலைபேசியில் சொல்கிறார்.