பூக்கும்வரை பெயர் வைக்காதீர்கள்: காட்டு விதையில் வரும் கொடிகளைப் பற்றி

விதைத் திருவிழாக்கள் பெருகியதிலிருந்து எங்கள் நர்சரிக்குச் செடி வாங்க வருகிறவர்களைவிட, விதையோடு வருகிறவர்கள்தான் அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், அஞ்செட்டி, சித்தேரிப் பக்கமெல்லாம் போய்விட்டு வருவார்கள். மடித்த காகிதத்தின் மேல் பேனாவில் ‘சிறுகுறிஞ்சான்’, ‘மாகாளி’, ‘ஈஸ்வரமூலி’ என்று ஏதாவது ஒரு மூலிகைக் கொடியின் பெயர் எழுதியிருக்கும். யார் எழுதியது என்று கேட்டால், கொடுத்தவர் சொன்னார் என்பார்கள். அவருக்கு யார் சொன்னது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

கொடி விதையை முளைக்க வைப்பது பெரிய வித்தையில்லை. முளைத்தது எது என்று சொல்வதுதான் கஷ்டம். அதிலும் மருந்துக்காக வளர்க்கிறவர்கள், அந்தச் சந்தேகம் தீருவதற்கு முன்பே இலையைப் பறித்து வாயில் போட்டுவிடுகிறார்கள்.

சிறுகுறிஞ்சானையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் இல்லாத தெரு இல்லை என்று ஆன பிறகு, இந்தக் கொடிக்கு வந்த மவுசு சொல்லி மாளாது. இதன் இலையை மென்றால் நாக்கில் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. அதற்குப் பிறகு சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல இருக்கும். அதனால் “மென்னு பாத்தா தெரிஞ்சிடுங்கண்ணா” என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு இதுதான் பெரிய பயம். சோதித்துப் பார்ப்பதற்காக மென்ற இலை வேறொரு கொடியாக இருந்தால் என்ன செய்வது?

வேலியிலும் ஓடையோரத்திலும் இதோடு கலந்து ஏறும் கொடிகள் உண்டு. ஒன்று கொடிப்பாலை. இதையே பெருங்குறிஞ்சான் என்றும் சொல்வதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. இன்னொன்று அழகுக்காகவும் ரப்பர் பாலுக்காகவும் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, இப்போது தானாகவே பரவிக் கிடக்கும் ரப்பர் கொடி. இந்த ரப்பர் கொடியில் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய நச்சு இருக்கிறது. மூன்றிலும் இலைகள் எதிரெதிராகத்தான் இருக்கும். மூன்றிலும் காய் வெடித்தால் நுனியில் பஞ்சு கட்டிய தட்டை விதைகள் பறக்கும். பஞ்சு உதிர்ந்து காகிதத்தில் மடித்து வந்த விதையை வைத்து இதுதான் என்று அடித்துச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

காயோடு கொண்டுவந்தால் கதை வேறு. சிறுகுறிஞ்சான் காய் ஒல்லியாக, நுனி கூர்ந்து, பெரும்பாலும் ஒற்றையாக நிற்கும். கொடிப்பாலையின் காய் தடித்துப் பருத்திருக்கும். ரப்பர் கொடியின் காய்கள் இரண்டும் ஒரே காம்பிலிருந்து எதிர்த் திசைகளில் விரிந்து, முனைகள் கட்டிப்பட்டு விறைப்பாக இருக்கும். இலையிலும் வித்தியாசம் உண்டு. சிறுகுறிஞ்சான் இலை சிறியது, நரம்புகளின் மேல் விரலை ஓட்டினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். கொடிப்பாலை இலை அகன்று அடியில் இதய வடிவம் காட்டும். ரப்பர் கொடி இலை தடித்துப் பளபளக்கும். ஆனால் நாற்றில் இவற்றில் எதையும் நம்ப முடியாது. குழித்தட்டில் நிற்கும் இரண்டு இலைப் பருவத்தில் எல்லாமே ஒரே மாதிரிதான். பூ வந்தால்தான் விஷயம் முடியும். சிறுகுறிஞ்சானுக்கு இலைக்கணுவை ஒட்டிக் கொத்தாகப் பொடிப்பொடியான மஞ்சள் பூ. கொடிப்பாலைக்குக் காம்பில் தொங்கும் பச்சைப் பூங்கொத்து. ரப்பர் கொடிக்குப் புனல் வடிவத்தில் பெரிய ஊதாப் பூ. இதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகட்டுமே.

இந்தப் பஞ்சு விதைகளைச் சேகரிக்கும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். காய் பழுப்பேற ஆரம்பித்ததும் கொசுவலைத் துணியில் ஒரு பை தைத்து, கொடியிலேயே காயின் மேல் மாட்டிக் கட்டிவிடுங்கள். காய் வெடித்தாலும் விதை பைக்குள்ளேயே நிற்கும். அதே காம்பிலிருந்து ஒரு இலைக் கொத்து, முடிந்தால் பூ, இரண்டையும் செய்தித்தாளுக்குள் வைத்து மேலே கனம் வைத்துக் காயவிடுங்கள். தாளில் பெயர் எழுதவேண்டாம். ஊர், தேதி, எந்த வேலி, எந்த மரத்தின் மேல் ஏறியிருந்தது, பால் வந்ததா இல்லையா, இவை போதும். பெயருக்குப் பதில் ஒரு எண் போடுங்கள். விதைப் பையிலும், பிறகு நாற்றுப் பையிலும் அதே எண். பஞ்சை நீக்கி, மணலும் தென்னை நார்க் கழிவும் கலந்த கலவையில் மேலாக விதைத்தால் போதும். இந்த விதைகளுக்கு ஆயுள் குறைவு. பத்திரமாக வைத்திருந்து அடுத்த வருடம் விதைக்கலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் அதிகமானால் நாற்றழுகல் வரும்.

குன்றிமணிக்கு இது நேர் எதிர். தோல் அவ்வளவு கெட்டி. சீக்கிரம் முளைக்கட்டும் என்று உப்புத்தாளில் தேய்க்கிறார்கள், நகவெட்டியால் ஓரத்தை நறுக்குகிறார்கள். குன்றிமணியை உடைக்காமல் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். உள்ளே இருக்கும் ஏப்ரின் என்ற நச்சு வெளியே வருவது தோல் உடைந்தால்தான். அந்தத் தோலைத்தான் நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு தேய்த்துப் பொடியாக்குகிறோம். வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி இரவு முழுக்க ஊறவையுங்கள். உப்பியதை விதையுங்கள், உப்பாததை மறுபடி ஊறவையுங்கள். ஓட்டை போட்டுக் கோத்த குன்றிமணிப் பாசியும் இதே கணக்கில்தான் சேரும்.

கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், நம் மாநில மலர். பூத்து நிற்கும்போது யாருக்கும் தெரியாமல் போகாது. இலை நுனியே சுருண்டு பற்றி ஏறும் கொடி வேறெது? ஆனால் விதையிலிருந்து பூவுக்கு மூன்று நான்கு வருடம் பிடிக்கும். நாற்றின் முதல் இலைகளில் அந்தச் சுருளும் இருக்காது. மழை முடிந்து கொடி காய்ந்துவிட்டால் மண்ணுக்குள் கிழங்கு மட்டும் தங்கும். அதை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. வேகவைப்பதால் அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நச்சு போய்விடாது. வள்ளி இனங்களையும் இதையும் ஒரே பாத்தியில் வளர்க்காதீர்கள் என்று என்னைக் கேட்கிற எல்லோரிடமும் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஈஸ்வரமூலிக் காயை ஒருமுறை பார்த்தால் மறக்காது. முற்றியதும் காம்புப் பக்கமிருந்து பிளந்து, நரம்புகளில் தலைகீழ்க் குடை மாதிரி தொங்கும். உள்ளே மெல்லிய தட்டை விதைகள் அடுக்கடுக்காக இருக்கும். அழகி வகை வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றின் புழுக்கள் இந்த இலையைத் தின்றுதான் வளர்கின்றன. அதற்காக வளர்ப்பதென்றால் தாராளமாக வளர்க்கலாம். உள்ளுக்குச் சாப்பிட மட்டும் வேண்டாம். இதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் வரவழைக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கும் மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. மாத்திரையில் சேரவேண்டியது ஒரு சீனக் கொடியின் வேர். சேர்ந்தது ஈஸ்வரமூலியின் இனத்தைச் சேர்ந்த இன்னொரு கொடியின் வேர். சீனத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். நம் ஊர்க் குறிஞ்சான் குழப்பமும் இதே ஜாதிதான். பாம்புக்கடிக்கு ஈஸ்வரமூலி வேரை அரைத்துக் கொடுத்துக்கொண்டு நேரத்தைக் கழிப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

மாகாளிக் கிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நன்னாரி என்ற பெயரில் சர்பத்துக் கடைகளுக்குப் போவதில் இதுவும் கலந்திருக்கிறது. வாசனை ஒன்றுதான். நன்னாரி வேர் கம்பி மாதிரி மெல்லியது, மாகாளி விரலைவிடத் தடிமனானது. வேரைத் தோண்டினால் கொடி போய்விடும். நம் மலைகளில் இது அருகிப்போனதற்குக் காரணம் அதுதான். விதையில் வளர்த்தால்தான் அதற்கு வழி பிறக்கும்.

அதற்காகக் காட்டுக்குள் புகுந்து பறிக்கலாம் என்று அர்த்தமில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் காவிரி வடக்கு சரணாலயம் 2014-லும், கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் விரிந்த காவிரி தெற்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. 1972-ஆம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அங்கிருந்து செடியை எடுக்கக் கூடாது, விதையும் அதில் சேர்த்திதான். நான் சேகரிப்பது பட்டா நிலத்து வேலிகளில், உரிமையாளரைக் கேட்டு. உழவர்களின் கள்ளி வேலிகளில் இன்னும் எவ்வளவோ கொடி இருக்கிறது. கம்பி வேலி போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து விதை எடுத்துக்கொள்கிறோம்.

பூ வந்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால், காயவைத்த அந்தத் தாளைப் பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டுங்கள். கோவையில் இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் பெரிய உலர்தாவரத் தொகுப்பே இருக்கிறது. போனில் எடுத்த ஒற்றை இலைப் படத்தை வைத்துச் செயலி சொல்லும் பெயரை வைத்துக் கஷாயம் போடாதீர்கள்.

ஒருவேளை யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கண்வலிக்கிழங்கு, குன்றிமணி நஞ்செல்லாம் சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு காட்டும். தின்றதில் மிச்சமிருக்கும் இலை, கிழங்கு, விதை எதுவானாலும் ஒரு பையில் போட்டு, கொடியில் ஒரு முழம் வெட்டி, மருத்துவமனைக்கே எடுத்துப் போங்கள்.